பச்சை நூல் கட்டிய டப்பா

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரணியில் எங்கள் தெருவில் தறி இல்லாத வீடு கிடையாது. இருமல் இல்லாத வீடும் குறைவுதான். தெருக்காரர்களே சேர்ந்து நடத்திய நல மன்றம் ஞாயிற்றுக்கிழமைகளில் பஜனைக் கோயிலில் ஒரு டாக்டரை உட்கார வைத்தது. காசநோய்ச் சோதனை என்றதும் ஒருவரும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. வரிசையில் நிற்பதை யாராவது பார்த்துவிட்டால், அந்த வீட்டில் பெண் எடுக்க யார் வருவார்கள்?

மன்றத்தார் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எல்லா வீட்டிலும் சளி வாங்குவது, எல்லா வீட்டுக்கும் மாத்திரை கொடுப்பது. நோய் இருப்பவருக்கு மருந்து, இல்லாதவருக்குச் சத்து மாத்திரை. யாருக்கு எது என்பது மன்றத்தின் பால்வாடி டீச்சருக்குத்தான் தெரியும்.

தொடக்கமே குளறுபடி. காலையில் எழுந்ததும் காறித் துப்பித் தாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஊத்தை வாயோடு டாக்டருக்கு எப்படிக் கொடுப்பது? தெருவே பல் தேய்த்து, குளித்து, விபூதி பூசிக்கொண்டு தெளிந்த எச்சிலைக் கொண்டுபோய்க் கொடுத்தது. டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். மறுபடியும் கொடுத்தோம்.

பிறகு டப்பாக்கள் வந்தன. ஆண்களுடையதில் சிவப்புப் பட்டு நூல், பெண்களுடையதில் பச்சை. எங்கள் கைக்குழந்தைக்கும் ஒரு பொடி வந்தது.

"ரெண்டு டப்பாலயும் மாத்திர வேற வேறயா கீதே டீச்சர்?"

"ஆம்பளைக்கு வேற, பொம்பளைக்கு வேற. பேசாம முழுங்கும்மா."

அது எனக்குப் பிடிபடவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணின் டப்பாவில் என் கணவருடைய மாத்திரையேதான் இருந்தது. அப்படியானால் அவளுக்கும் என் கணவருக்கும் நோயா? அவளோ என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெருவில் எல்லாரும் மாத்திரை விழுங்கினோம், எல்லாரும் எல்லாரையும் சந்தேகப்பட்டோம். இது என்ன வைத்தியமோ என்று எரிச்சலாக வந்தது.

என் கணவருக்குத்தான் நோய் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். தறி மிதிக்கும் கால் நின்றுபோகும் அளவுக்கு அவர் இருமுவார். தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றும்போது நானும் இருமினேன்தான். அது தூக்கம் கெட்டதால் வந்தது என்று நினைத்துக்கொண்டேன். என் அக்கா இந்த நோயில்தான் போனாள். அவருடைய தம்ளரையும் தட்டையும் தனியாக எடுத்து வைத்தேன். குழந்தையை அவரிடம் கொடுக்கவில்லை. அவர் கை நீட்டுவார், நான் உள்ளே போய்விடுவேன். அவர் தறிக்குத் திரும்பிவிடுவார்.

"ஏங்க, உங்களுக்கு இன்னா வந்துகீது? சொல்லுங்களேன்."

"மாத்திரய எட்தா. நீயும் முழுங்கு."

நாள் தவறாமல் அவருக்கு எடுத்துக் கொடுத்து, நானும் விழுங்கினேன். அவர் பிழைத்தால் போதும் என்றிருந்தது.

மறு வருஷம் டீச்சர் வந்து பச்சை நூல் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டார். "இனிமே வேணாம். உனக்கு நோய் தீந்துபோச்சி, சளி சுத்தமா கீதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"எனக்கா? அப்ப அவருக்கு?"

"அவருது சத்து மாத்திரைதாம்மா. அது பாவுக்குப் போடற கஞ்சித் தூசி இருமல். உன்கிட்டேர்ந்து குழந்தைக்கு ஒட்டாம இருக்கத்தான் அந்தப் பொடி."

இத்தனை நாள் யாரிடமிருந்து யாரைக் காப்பாற்றினேன்? கணவரிடம் திரும்பினேன். அவர் தறியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"டீச்சர் மொதல்லயே எங்கிட்ட மட்டும் சொல்ட்டாங்க. உங்க அக்கா பேச்ச எடுத்தாலே நீ சோறு துன்ன மாட்ட. உனக்குன்னு தெரிஞ்சா பயந்தே பூட்டிருப்ப. எனக்குன்னு நெனச்சிகினு இருந்ததாலதான் ஒரு வேள மாத்திர கூட நீ வுடல."

அவரைத் திட்டுவதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று தெரியவில்லை. என்னிடம் கேட்காமல் என்னைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். அது சரிதானா என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான்.

அவருடைய தம்ளரை மற்ற தம்ளர்களோடு வைத்தேன். என்ன நினைத்தேனோ, என்னுடையதை எடுத்து மூலையில் தனியாக வைத்தேன். அவர் எழுந்து வந்து, அந்தத் தம்ளரிலேயே தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, குழந்தைக்காகக் கை நீட்டினார்.