துண்டை எடுத்துவிட்டுப் பேசியவர்

வாழைமண்டியில் வாழைத்தார் இறங்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. "அக்கா, செல்லையா அண்ணாச்சி போயிட்டாக" என்றார் அவருடைய மண்டிக் கணக்கப்பிள்ளை. ஏலம் நின்றது. கம்பம் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருப்பவள் நான். அண்ணாச்சியால் நகராட்சி உறுப்பினரும் ஆனவள்.

ஒரு காலத்தில் எங்கள் வியாபாரிகள் துண்டுக்கு அடியில் விரல் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். தார் கொண்டுவந்த விவசாயி பக்கத்தில் நின்று துண்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அண்ணாச்சி மண்டி போட்ட பிறகு அந்தத் துண்டைப் பிடுங்கி எறிந்தார். "அவரு சரக்குக்கு அவருக்கே தெரியாம என்னய்யா வெல?" என்று கூவி ஏலம் விட்டார். விவசாயிகள் அவர் பக்கம் வண்டியைத் திருப்பினார்கள். பின்னாளில் ஓட்டும் அந்த வழியாகத்தான் வந்தது. மனிதருக்கு மெதுவாகப் பேசவே வராது. அவர் ரகசியம் சொன்னால் அடுத்த ஊரான கூடலூரில் கேட்கும்.

நகராட்சித் தலைவர் பதவிக்கு முதலில் நின்றபோது அவருக்கு இன்னும் இரண்டு உறுப்பினர்களின் ஓட்டுத் தேவைப்பட்டது. அந்த இரண்டு ஓட்டையும் கையில் வைத்துக்கொண்டு, சந்தையை இடித்துக் கடை வளாகம் கட்டத் துடித்த ஒருவரின் ஆள், டீக்கடையில் அவர் அருகே உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் துண்டைப் போட்டு விரலைப் பிடித்தார். அண்ணாச்சி உதறிக்கொண்டு எழுந்தார். ஏலத் தொண்டையிலேயே கூவினார்: "சந்தைய விட்டுக் குடுத்தா எனக்குத் தலைவர் பதவி தாராகளாம்! எல்லாரும் கேட்டுக்கங்க!"

தோற்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. "வாய மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா அண்ணாச்சி?" என்றேன்.

"தோத்தா மறுபடி நிக்கலாம் தாயி. சந்தை போனா நீ எங்கன போயி நிப்ப?" என்றார்.

மறுபடி நின்றார், வென்றார். சந்தை பிழைத்தது. சட்டமன்றத்துக்கும் போனார். அங்கே, "மைக் இருக்கிறது, மெதுவாகப் பேசுங்கள்" என்றார்களாம். "கம்பத்துல கேக்கணும்ல" என்றாராம்.

அவர் உடலைத் தூக்குவதற்கு முன், அதைக் குளிப்பாட்ட உறவினர்கள் நீர்மாலை எடுக்கப் போயிருந்த நேரத்தில் ஒருவர் என்னிடம் வந்தார். "அக்கா, அந்தச் சந்தை விசயமா ஒரு பேச்சு. கொஞ்சம் ஓரமா வாங்க."

நான் நகரவில்லை. "இங்கனயே சொல்லுங்க. அண்ணாச்சியும் கேக்கட்டும்" என்றேன், தெருவே திரும்பிப் பார்க்கும்படி. வந்தவர் செருப்பைத் தேடிப் போய்விட்டார்.

சந்தைக்காரர்களே, மண்டியை அவர் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். நான் எடுத்துக்கொண்டது அந்தத் தொண்டையை. வருகிற நகராட்சிக் கூட்டத்தில் நம் சந்தை மறுபடி பேச்சுக்கு வருகிறது. எனக்கு மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.