அக்ரிலிக்கில் அம்மாவின் முகம்

அக்ரிலிக் வண்ணம் காய்ந்தால் கருக்கும். ஈரத்தில் பார்க்கும் நிறத்தைவிட ஒரு படி இருட்டாகிவிடும், சில நிறங்களில் இரண்டு படி. புதிதாகத் தொடங்குகிறவர்கள் யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். இதுவரை யாரும் கேட்டதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் காதில் வாங்கியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேலே கல்லூரி, அதற்கும் மேலே கணிதத்தில் எம்.எஸ்சி. இப்போது ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் பேங்க் படிவத்தையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அந்தப் பெருமையை நான் மறைத்ததில்லை. எதையும் உட்கார்ந்து படித்தால் வந்துவிடும் என்று நம்பினேன்.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். பட்டு நூலுக்குச் சாயம் போடுவது அவர் வேலை. விரல் நீளத்துக்கு மாதிரி நூலைக் கொடுத்தால் போதும், அதே நிறத்தைக் கொதிக்கும் அண்டாவிலிருந்து எடுத்துக் கொடுப்பார். நனைந்த நூல் கருப்பாகத்தான் இருக்கும், காய்ந்ததும் தெளியும். அதனால் வேண்டிய நிறத்தைவிடக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுத்தான் இறக்க வேண்டும். இதை எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. உலை கொதித்தால் பொங்கும் என்பது மாதிரி, எல்லோருக்கும் தெரியும்.

போன வருடம், மயில் கழுத்து நிறம் கேட்டவர்களுக்கு நைனா வெறும் நீலத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டார். "இன்னா மேஸ்திரி, மயிலு கேட்டா காக்காவ குடுத்து அனுப்பிக்கிறீங்க" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொண்டுவந்தார்கள். நைனா சிரிக்கவில்லை. நூலையும் மாதிரியையும் வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுதுமா" என்றார் என்னிடம்.

சர்க்கரை கண்ணுக்குப் போயிருந்தது. இடது கண் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்றார் டாக்டர். வலது கண்ணுக்கு லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். உள்ளே ரத்தக்குழாய்கள் எப்போது வேண்டுமானாலும் உடையலாம் என்றார்கள். எத்தனை மாதம் என்று நான் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா. பாக்க வேண்டியதெல்லாம் பாத்து வச்சுக்கச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "எங்கனா போயிட்டு வரலாமா நைனா? திருப்பதி?"

"திருப்பதியில நான் பாக்காதது இன்னா இருக்குது? உங்கம்மாவ ஒருவாட்டி கலர்ல பாத்துட்டா போதும்."

அம்மா நான் பிளஸ் ஒன் படிக்கும்போது இறந்துபோனாள். அவளுடைய படம் என்று எங்களிடம் இருப்பது வாக்காளர் அட்டையில் உள்ள சாம்பல் நிறத் துண்டு ஒன்றுதான். கல்யாணப் படம் ஒரு மழையில் ஊறி, முகம் இருந்த இடத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. அட்டைப் படத்தை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கிக் கலர் போடச் சொன்னேன். பையிலிருந்து எடுத்து நைனாவிடம் நீட்டினேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"யாருமா இது, டிவில வர பொம்பளையா?"

அம்மாவைப் பால் வெள்ளையாக்கி வைத்திருந்தார்கள். அவள் நல்ல கருப்பு. வெறும் கருப்பும் இல்லை. உள்ளே சிவப்பு ஓடும் கருப்பு, கழுத்தில் மட்டும் ஒரு மஞ்சள் சாயல். அதே நிறம்தான் என் கைத்தோலும். நானே வரைகிறேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

பன்னிரண்டு ட்யூப் உள்ள பெட்டியையும் கேன்வாஸையும் ஆன்லைனில் வரவழைத்தேன். தொடங்குகிறவர்களுக்குப் பன்னிரண்டு தேவையில்லை. வெள்ளை, கருப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம், ஒரு காவி, இவ்வளவு போதும். மிச்ச ஆறையும் நான் திறந்ததே தப்பு. பிரஷ்ஷை வேலை முடிந்த உடனே கழுவ வேண்டும், போன் வந்தாலும், யார் கூப்பிட்டாலும். முதல் வாரமே மூன்று பிரஷ்கள் ஈர்க்குச்சி மாதிரி விறைத்துப்போயின. கலந்த வண்ணம் பத்து நிமிடத்தில் தோல் கட்டும். தட்டின்மேல் அடிக்கடி தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். துணிக்கு இஸ்திரி போடும்போது தெளிக்கிற பாட்டிலே அதற்குப் போதும்.

வரைவதில் எனக்குக் கஷ்டம் இருக்கவில்லை. ஸ்டூடியோவில் பெரிதாக்கிய படத்தின் மேல் கட்டம் போட்டு, அதே விகிதத்தில் கேன்வாஸிலும் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பென்சிலில் இறக்கினேன். கண்ணும் மூக்கும் இருக்க வேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்தன. பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன்னால் காலையில் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை முழுநாள். ஜன்னலை ஒட்டி வேலை. பின்னால் கட்டிலில் நைனா உட்கார்ந்திருப்பார்.

நிறம்தான் வரவில்லை. என் முன்னங்கையைத் தட்டுக்குப் பக்கத்தில் நீட்டி வைத்துக்கொண்டு கலப்பேன். சரியாக வந்ததும், காய்ந்தால் தெளியும் என்று கருப்பில் ஒரு பொட்டு எடுத்துக் கூடச் சேர்ப்பேன். யோசித்துச் செய்ததில்லை, கை தானாகப் போனது. மாலை வந்து பார்த்தால் அம்மா கரியாக இருப்பாள்.

நைனாவின் தங்கை, என் அத்தை, அடுத்த வீடு. சாயங்காலம் குழம்புக் கிண்ணத்தோடு வந்தவள் படத்தைப் பார்த்துவிட்டு வாயில் கையை வைத்தாள்.

"இன்னாடி, உங்கம்மாவ அடுப்புல வச்சு மறந்துட்டியா?"

"இன்னும் முடியல அத்தை."

"எம்.எஸ்சி. படிச்சா படம் வரைய வரும்னு எந்த புக்குல போட்டுக்கிது?"

"நீ சும்மா இரு" என்றார் நைனா கட்டிலிலிருந்து. "குடுமா, நான் பாக்கறேன்."

"முடியட்டும் நைனா."

வண்ணம் மட்டம் என்று நினைத்து வேறு கம்பெனி வாங்கினேன். கேன்வாஸ் மட்டம் என்று நினைத்து அதையும் மாற்றினேன். இரண்டாவது அம்மாவும் கரிந்தாள். மூன்றாவது முறை, சாயத்தைக் கரைப்பது போலத் தண்ணீர் ஊற்றி நீர்த்துப் பூசினேன். அக்ரிலிக்கில் தண்ணீர் அளவுக்கு மீறினால் பிடிப்புப் போய்விடும். காய்ந்ததும் கன்னத்தைத் தொட்டேன், விரலில் மாவு மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. நான்காவதில், பாதி காய்ந்ததன் மேலேயே பூசியதில் நெற்றி தோலாக உரிந்தது. இப்படி ஒன்றரை மாதம் போனது. நைனா இதற்குள் டீ டம்ளரைத் தடவி எடுக்கத் தொடங்கியிருந்தார். எதிரில் வருகிறவர்களைக் குரல் கேட்ட பிறகுதான் கூப்பிட்டார்.

ஒருநாள் பள்ளியில் ஓய்வுப் பாடவேளையில், ஆங்கில வீடியோ ஒன்றில் ஒரு பெண் போகிற போக்கில் சொன்னாள், காய்ந்தால் கருக்கும், அதனால் வேண்டியதைவிட வெளிறக் கலக்க வேண்டும் என்று. இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். நூலுக்கு எதுவோ அதற்கு நேர்மாறு. ஏற்கெனவே கருக்கப்போகிற வண்ணத்தை, தெளியப்போகிறது என்று நினைத்து நானே மேலும் கருக்கிக்கொண்டிருந்தேன். ஒரு துண்டு அட்டையில் தடவிக் காயவைத்துப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். நைனா எந்தச் சாயத்தையும் நாலு இழை நனைத்து, உலர்த்திப் பார்க்காமல் நூலை அண்டாவில் இறக்கியதில்லை. தினமும் பார்த்து வளர்ந்தவள் நான். அது படிக்காதவர்கள் குருட்டாம்போக்கில் செய்கிற வேலை என்று எனக்குள் எங்கேயோ ஒரு நினைப்பு இருந்திருக்கிறது.

ஐந்தாவது படத்துக்கு முன்னால் பதினெட்டு அட்டைத் துண்டுகளில் தடவி, காயவைத்து, என் கையோடு ஒப்பிட்டேன். பிறகு மெல்லிய பூச்சாக, ஒன்று முழுதாகக் காய்ந்த பிறகு அடுத்தது. அம்மா வந்தாள். கழுத்தின் மஞ்சள்கூட வந்தது. இடது கன்னத்தில் மட்டும் நிழல் கொஞ்சம் கனத்து, யாரோ அறைந்தது போல இருந்தது. அதைச் சரிசெய்யப் போய் வாய்க்கோடு கலைந்தது. வாயைச் சரிசெய்யப் போய் மறு கன்னம்.

சனிக்கிழமை சாயங்காலம் அத்தை வந்தாள். இந்த முறை படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணிதான்டி இது. போதும் வுடு. அண்ணன் உள்ளதான கீது, கூப்ட்டு காட்டு."

"கன்னம் சரியில்ல அத்தை."

"கன்னத்த இன்னா அவரு நிறுத்தா பாக்கப் போறாரு? காட்டுடி."

"எனக்குத் தெரியும். நாளைக்கு முழுநாள் இருக்குது. திரும்பப் போட்டுடுவேன்."

"தெரியும், தெரியும். உனக்குத் தெரியாதது எது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஓவியத்துக்கு அடியில் அடிக்கும் வெள்ளைப் பூச்சுக்கு ஜெஸ்ஸோ என்று பெயர். தவறிப்போன கேன்வாஸின் மேல் அதை இரண்டு தரம் அடித்தால் புதிது போலாகிவிடும். அக்ரிலிக்கில் உள்ள வசதியே அதுதான் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள், பயப்படாதீர்கள், எப்போது வேண்டுமானாலும் மூடிவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்று. அத்தை போனதும் அகலமான பிரஷ்ஷால் அம்மாவின் நெற்றியிலிருந்து கீழே அடித்தேன். ஐந்து நிமிட வேலை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நைனா என்னைக் கூப்பிட்ட குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பல் விளக்கிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"கண்ணுல இன்னாவோ கொட்டிக்கினு வருதுமா. கலங்கின தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி கீது."

ஆட்டோவுக்குப் போன் செய்தேன். பத்து நிமிடத்தில் வருகிறேன் என்றார்கள். செருப்பைத் தேடி அவர் காலடியில் வைத்தேன்.

"அதுக்குள்ள அந்தப் படத்த எடும்மா. எப்பிடி இருந்தாலும் பரவால்ல. இன்னும் கொஞ்சம் தெரியுது."

இப்போது வேண்டாம், ஆஸ்பத்திரி போய் வந்து பார்க்கலாம் என்றேன். அவர் கையை நீட்டியபடியே இருந்தார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் கேன்வாஸை எடுத்து வந்தேன். எடுத்து வரும்போதே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன், நேற்று அழித்துவிட்டேன் நைனா, இதில் ஒன்றும் இல்லை என்று. அதற்குள் அவர் சட்டத்தைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் முகத்துக்கு நேராக, மூக்குத் தொடுமளவுக்கு இழுத்துக்கொண்டார்.

இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைச் சாய்த்துப் பார்த்தார். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார்.

"வெள்ளையாத்தான் தெரியுது" என்றார். "ஒரே வெள்ளை."

நான் சட்டத்தின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"மூக்கு எங்க கீது, இங்கியா?" கேன்வாஸின் நடுவில் விரலை வைத்தார். "ஒண்ணும் தெரியலமா. போச்சு. அவ்ளோதான் போலருக்குது கண்ணு."

அவர் பார்த்தது சரி. அந்தக் கண் அந்த நிமிடம்வரை, மங்கலாகவேனும், இருந்ததைத்தான் அவருக்குச் சொன்னது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், உன் கண் போகவில்லை நைனா, நான்தான் வெள்ளை அடித்தேன் என்று. சொன்னால் அடுத்த கேள்வி வரும். முந்தாநாள் இருந்ததா? போன வாரம் இருந்ததா? நான் குடுன்னு கேட்டப்பல்லாம் இருந்ததா? இருந்தது. ஐந்து முறை இருந்தது. கரியாகவோ உரிந்தோ, ஏதோ ஒரு அம்மா அந்த ஜன்னலோரத்தில் எப்போதும் இருந்தாள். வாசலில் ஆட்டோ ஹாரன் கேட்டது. கேன்வாஸை வாங்கிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்து எழுப்பினேன்.

உள்ளே ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். ஆபரேஷன் செய்தார்கள். இப்போது அவருக்கு விளக்குப் போட்டால் தெரியும், அணைத்தால் தெரியும். அவ்வளவுதான். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தாலும் ஆபரேஷன் முடிவு மாறியிருக்காது என்று டாக்டரிடம் கேட்காமலே எனக்குத் தெரியும். ஆனால் ஆட்டோவில் போன அந்த அரைமணி நேரமும் நைனா கண்ணை மூடிக்கொண்டே வந்தார். திறந்து பார்த்துப் பயன் இல்லை என்று நினைத்திருப்பார். கோபுரத்தைத் தாண்டினோம், கடைத்தெருவைத் தாண்டினோம். எதையும் அவர் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் வரையவில்லை. ட்யூப்களின் வாயில் வண்ணம் கட்டி இறுகியிருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ட்யூப்பின் வாயைத் துடைத்துவிட்டு மூடியைப் போட வேண்டும்.

நலம் விசாரிக்க யாராவது வந்தால் நைனா அவர்களை உட்காரவைத்துச் சொல்கிறார்.

"எம்பொண்ணு அவங்கம்மாவ அப்பிடியே உரிச்சு வச்ச மாதிரி வரைஞ்சுக்கிதுபா. படிச்ச பொண்ணு இல்ல? எனக்குத்தான் பாக்க குடுத்து வைக்கல."

வந்தவர்கள் எங்கே, காட்டுமா என்று என்னைப் பார்க்கிறார்கள். சுவர்ப் பக்கம் இருந்த கேன்வாஸை அத்தை ஒருநாள் திருப்பிப் பார்த்துவிட்டாள்; கூடத்தில் இருந்தால் அவள் தலையைக் குனிந்துகொள்கிறாள். படம் பிரேம் போடக் கடையில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் நான் சொல்கிறேன்.