பின் இடது கதவின் கண்ணாடி

ஒரு விடுகதை. கதவைத் திறந்தால் உயிர் வரும், மூடினால் உயிர் போகும். ஆனாலும் கதவில் எந்தக் குற்றமும் இல்லை. அது என்ன? காரின் மின்கம்பிகளோடு மல்லுக்கட்டியவர்கள் சட்டென்று விடை சொல்லிவிடுவீர்கள். எனக்கு இரண்டு நாள் பிடித்தது. நம் தொழிலில் பழுது எப்போதும் ஒளிந்துகொண்டுதான் இருக்கும். முதலில் கண்ணில் படுவது, அதைச் சரிசெய்ய நமக்கு முன்னால் யாரோ பார்த்துவைத்த வேலைதான்.

துரை விட்டுப்போன கார்

அறுபதுகளின் நடுவில், இலங்கை மலையகத்து ஹட்டனில் எனக்கு ஒரு சிறிய பட்டறை இருந்தது. நல்லதண்ணிப் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பியபோது, தம் பழைய அமெரிக்கக் காரைத் தேயிலைத் தொழிற்சாலையை நடத்திவந்த டீமேக்கருக்கு விற்றுவிட்டுப் போனார். அந்தக் காரில் கண்ணாடியை இறக்கச் சுற்றுகிற கைப்பிடி கிடையாது. பொத்தானை அமுக்கினால் கதவுக்குள் இருக்கும் மோட்டார் கண்ணாடியை இறக்கும். அது என் பட்டறைக்கு வந்தபோது நான்கு கண்ணாடிகளும் மூடியபடி நின்றுவிட்டிருந்தன.

டீமேக்கரின் மகள் செல்விக்கு ஒன்பது வயது. ஹட்டனில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்தாள். திங்கட்கிழமை காலை தோட்டத்திலிருந்து வருவாள், வெள்ளிக்கிழமை திரும்புவாள். வளைவுகள் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. பஸ்ஸில் வாந்தி, கண்ணாடி மூடிய காரில் அதைவிட மோசம். "இன்னொரு திங்கட்கிழமை இப்படி ஆனால் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிடுவேன்" என்று அவள் அம்மா சொல்லிவிட்டார். அந்தப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அந்த வாரம் வியாழக்கிழமை காரைக் கொண்டுவந்த டிரைவர் முத்தையா இதையெல்லாம் சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தார். எங்கள் பக்கத்தில் மெக்கானிக்கை எல்லாரும் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"திங்கக்கெழமைக்குள்ள ஒரு கண்ணாடியாச்சும் எறக்கிக் குடுத்துடுங்க பாஸ். அந்தப் புள்ள அழுவுறதப் பாக்கவும் முடியல, காரக் கழுவவும் முடியல."

சந்தனம்

டிரைவர் பக்கத்துக் கதவில் நான்கு பொத்தான்கள் வரிசையாக இருந்தன. மற்றக் கதவுகளில் ஒவ்வொரு பொத்தான் இருந்தாலும், அவற்றுக்கும் மின்சாரம் இந்த நான்கின் வழியாகத்தான் போகும். நான்கும் அமுங்க மறுத்தன. கழற்றினேன். ஒவ்வொரு பொத்தானுக்கு அடியிலும் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ இறுகிப்போயிருந்தது. மூக்கருகில் கொண்டுபோனேன். சந்தனம், குங்குமம். ஆயுத பூசையன்று ஸ்டியரிங்குக்கும் ஹாரனுக்கும் விளக்குகளுக்கும் பொட்டு வைத்த முத்தையா, இந்த நான்கையும் விட்டுவைக்கவில்லை. கரைத்த சந்தனம் உள்ளே வடிந்து, செப்புத் தகடுகளுக்கு நடுவே காய்ந்துவிட்டது.

ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, மெல்லிய உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மூன்று கண்ணாடிகள் இறங்கின. பின் இடது கதவின் கண்ணாடி மட்டும் அசையவில்லை. அதுதான் செல்வி உட்காரும் பக்கம். பொத்தானுக்கெல்லாம் பொட்டு வைக்கலாமா என்று முத்தையாவிடம் கேட்டேன்.

"ஆரனுக்கு வச்சுட்டு அதுகளுக்கு வைக்காம விட்டா, அதுகளும் வேல செய்ற சாமாந்தானேங்க பாஸ்?"

பெட்டித் தாள்

பின் இடது பொத்தானை மறுபடி அமுக்கியபோது கருகல் வாடை வந்தது. இது நடக்கவே கூடாது. கம்பி சூடாவதற்கு முன்பே பியூஸ் எரிந்து மின்சாரத்தை நிறுத்தியிருக்க வேண்டும். பியூஸ் பெட்டியைத் திறந்தேன். நான்கு கண்ணாடிகளுக்கும் பொதுவான பியூஸ் எப்போதோ எரிந்துபோயிருந்தது. அதன்மேல் பளபளவென்று ஒரு வெள்ளித்தாள், சுருக்கமே இல்லாமல் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. தேயிலைப் பெட்டிக்குள் ஈரம் புகாமல் ஒட்டுகிற அதே தாள். அவ்வளவு சுத்தமான கைவேலையை டிரைவர் செய்திருக்க முடியாது.

சனிக்கிழமை டீமேக்கரே பட்டறைக்கு வந்தார். அந்தத் தாள் ஒருநாளும் எரியாது, அதற்குப் பதிலாகக் கார்தான் எரியும் என்று அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நம்ம ஸ்டோர்ல இருக்குறதுலயே நல்ல தாளு பாஸ் இது. கப்பல்ல மாசக்கணக்கா போனாலும் ஒண்ணும் ஆகாது."

விடை

வெள்ளிக்கிழமையிலிருந்தே நான் திண்டாடிக்கொண்டிருந்தேன். புதுப் பியூஸ் போடுவேன். பின் இடது கதவைத் திறந்து, உள்தகட்டைக் கழற்றிக் கம்பிகளைச் சோதிப்பேன். எல்லாம் ஒழுங்காக இருக்கும். கண்ணாடியும் இறங்கும், ஏறும். சந்தோஷமாகக் கதவைச் சாத்திவிட்டுப் பொத்தானை அமுக்குவேன். பியூஸ் போய்விடும். இப்படி ஐந்து பியூஸ் போயின.

கடைசியில் மோட்டாரின் இணைப்பைக் கழற்றிவிட்டு, பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு பல்பை மாட்டினேன். மின்சாரம் தப்பான வழியில் போனால் பல்பு எரிந்து காட்டிக்கொடுக்கும். பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, முத்தையாவைக் கதவை மெல்ல மெல்லச் சாத்தச் சொன்னேன். ஒரு சாண் மிச்சம் இருக்கும்வரை பல்பு இருட்டாகவே இருந்தது. அதற்குமேல் பளிச்சென்று எரிந்தது. கீலுக்குப் பக்கத்தில், கம்பி கதவுக்குள் நுழையும் துளையில் இருக்க வேண்டிய ரப்பர் இல்லை. துளையின் விளிம்பு கம்பியின் உறையைத் தின்றிருந்தது. கதவை மூடும்போதெல்லாம் வெறும் செம்பு தகட்டில் தொட்டது. புதுக் கம்பி போட்டு, சைக்கிள் டியூபில் ஒரு துண்டை வெட்டி அதற்கு உறையாக மாட்டினேன். மூடிய கதவில் கண்ணாடி இறங்கியதை முத்தையா முறைத்துப் பார்த்தார்.

"ரெண்டு நாளா தொறந்து தொறந்துதானே பாத்தீங்க? மூடிப் பாக்கணும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நா அன்னைக்கே மூடியிருப்பேனே பாஸ்."

வெள்ளோட்டம்

ஞாயிற்றுக்கிழமை காரைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். ஹட்டன்வரை ஒரு வெள்ளோட்டம் விடலாம் என்றார் டீமேக்கர். டிரைவருக்குப் பக்கத்தில், தம் வழக்கமான இடத்தில் ஏறிக்கொண்டார். பின்னால் நான், நடுவில் செல்வியின் அம்மா, இடது கதவோரம் செல்வி. அவளே பொத்தானை அமுக்கினாள். கண்ணாடி வழுக்கிக்கொண்டு இறங்கியது. பனிமூட்டம் உள்ளே வந்தது. அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார். நான் பெருமையோடு உட்கார்ந்திருந்தேன். ஆறாவது வளைவில் செல்வி தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்தாள்.

காரை நிறுத்தினோம். பாதையோரப் பீலியில் கொட்டிய மலைத்தண்ணீரில் அவள் வாயைக் கொப்பளித்தாள். "கண்ணாடி எறங்கினா மட்டும் போதுமா? நாளைக்கே தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல சேத்துடுங்க" என்றார் அம்மா. டீமேக்கர் என்னைப் பார்த்தார். நான் திறந்திருந்த கதவின் கீலோரம் சைக்கிள் டியூப் உறையைப் பார்த்தேன். அவர் மகளிடம் போய்க் குனிந்து, "நீயே சொல்லு கண்ணு, தோட்டத்துலயே படிக்கிறியா?" என்று கேட்டார்.

செல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நா முன்னால ஒக்காந்துக்கிறேன் அப்பா. அங்க ரோடு தெரியும். பின்னால ஒங்க முதுகுதான் தெரியுது" என்றாள்.

மகள் முன்னால் ஏற, டீமேக்கர் பின்னால் வந்து அவள் இடத்தில் உட்கார்ந்தார். அவள் வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தாள். அதன்பிறகு அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹட்டன் நெருங்கும்போது டீமேக்கரின் நெற்றியில் வியர்வை அரும்பியது. மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"அமுக்குங்க பொத்தான, எறக்குங்க கண்ணாடிய. பாஸ் ஒங்களுக்காகத்தான் சரி பண்ணியிருக்காரு போல."

மறுநாள் காலை செல்வி, குளிர்கிறது என்று நான்கு கண்ணாடிகளையும் ஏற்றச் சொல்லிவிட்டு, முன் சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனாள்.