ஹில்டாவின் கணினிக்குத் தோணிப் பெயின்ட்

ஹில்டாவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். முத்தையாபுரத்தில் அவளைத் தெரிந்தவர்கள் அந்தக் குரலைக் கேட்டால் நைசாக நகர்ந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மொட்டைமாடிக்கு ஏறியவள் அந்தக் குரலில்தான் கேட்டாள்.

"ஏலே ரோச், என்னலே செஞ்சு வச்சிருக்க?"

அவளுடைய பழைய கணினிப் பெட்டி பளபளவென்று நீலமாக வெயிலில் நின்றது. தம்பி ரோச்சின் கையில் பிரஷ்.

அந்தக் கணினியில் பதினான்கு வருடம் தட்டியவள் அவள். துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு அலுவலகம். கப்பல் வந்த நேரம், இறங்கிய மூட்டை, சுங்கப் படிவம் எல்லாம் அவள் கைதான். வருகிறவர்களிடம் மேனேஜர் மட்டும், "எல்லாத்தையும் என் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன்" என்பார். கடைசியில் கணினியையும் அவளையும் ஒரே வாரத்தில் வெளியே அனுப்பினார்கள். கணினியை அவள் ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

இப்போது ஒரு கல்லூரியில் பழைய கணினிகளுக்குக் கண்காட்சி. நடத்துகிற ஆசிரியை ஜெஸ்லின் போனில் தெளிவாகச் சொல்லியிருந்தார்: பழைய நிறம் திரும்பினால் ஹில்டாவின் பெயர் போட்ட அட்டையோடு வைப்பார்கள், பெயின்ட் அடித்ததை வாங்க மாட்டார்கள். அந்தப் பெயருக்காகத்தான் இத்தனை பாடு.

பெட்டி வயதாகி மஞ்சள் பூத்திருந்தது. அது அழுக்கில்லை, தேய்த்தால் போக. பிளாஸ்டிக்கே நிறம் மாறியிருந்தது. பியூட்டி பார்லரில் முடி வெளுக்க வைத்திருக்கும் பெராக்சைடு கிரீமை வாங்கிப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி, வெயிலில் வைத்து, அரைமணிக்கொரு தரம் திருப்ப வேண்டும். கிரீம் காய்ந்தால் திட்டுத்திட்டாகிவிடும். நாலு நாள் தூத்துக்குடி வெயிலில் அவளும் சேர்ந்து வெந்தாள். பெட்டி முக்கால்வாசி வெளுத்திருந்தது.

"மாதா கோயில் திருநா வருதுல்லா? கேட்டுக்கு அடிச்சேன், கட்டிலுக்கு அடிச்சேன். இது தேமல் மாதிரி கெடந்துச்சு. தோணிக்கு அடிச்ச பெயின்ட் மிச்சம் இருந்துச்சுக்கா."

"ஒன்ட்ட கேட்டனாலே?"

"தின்னர் போட்டுத் தொடச்சிருதேன்."

"தின்னர் பட்டா பிளாஸ்டிக் உருகும்லே. தள்ளிப் போ. எம் பொருள்ல கைவைக்கணும்னா எல்லாவனுக்கும் எங்கருந்துதான் உரிமை வருதோ!"

மேனேஜர் சொந்தம் கொண்டாடினான். இவன் சாயம் அடித்துவிட்டான். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கீபோர்டு மட்டும் தப்பியிருந்தது. அதைப் பித்தான் பித்தானாகக் கழற்றிக் கீழே முற்றத்தில் பெராக்சைடில் ஊறவைத்திருந்ததால் ரோச்சின் பிரஷுக்கு அது எட்டவில்லை. போனில் கேட்டபோது, அதையாவது கொண்டுவரச் சொன்னார் ஜெஸ்லின். அன்று முழுக்க ஹில்டா தம்பிக்குச் சோறு போடவில்லை.

கண்காட்சி அன்று, மேசைமேல் வெள்ளைவெளேரென்று இருந்த கீபோர்டை ஜெஸ்லின் குனிந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"நிறம் அருமையா வந்திருக்கு. ஆனா நடுவுல பாதி எழுத்து அழிஞ்சிருக்கே. வெளுக்கிற மருந்து கூடிப்போச்சோ?"

ஹில்டாவின் குரல் இறங்கியது.

"மருந்தில்ல டீச்சர், என் வெரலு. பதினாலு வருசம் தட்டித் தேஞ்சது. பேருக்குக் கீழ அதையும் எழுதுங்க."