அக்கா கேட்ட ஒரு வரியும் ஆறு எண்களும்

இந்த நினைவு மலர் அக்காவின் கைக்குக் கிடைத்திருந்தால் முதலில் பின் அட்டையைத் திருப்பியிருப்பார். அச்சிட்டது யார், எழுதியது யார், எழுதியவனுக்குத் தகுதி உண்டா என்று பார்த்த பிறகுதான் உள்ளே போவார். எழுதியது நான், அவருடைய ஒரே தம்பி. தகுதி கிடையாது. ஆகவே உறவினர்களும் நண்பர்களும் இதைச் சற்றுச் சந்தேகத்தோடு வாசிப்பதே அக்காவுக்குச் செய்யும் மரியாதை.

எங்கள் அக்கா அடி அண்ணாமலையில் பிறந்தார். அப்பா காலமானபோது அவர் கல்லூரியில் முதலாண்டு; நான் ஏழாம் வகுப்பில் இரண்டாம் ஆண்டு. பகலில் கல்லூரி, மாலையில் அம்மாவோடு நிலக்கடலை உரிப்பது, விடியலில் தேர்வுக்குப் படிப்பது என்று ஓடி, வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசின் பதிவறையில் வேலைக்குச் சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை பழைய கோப்புகளுக்கு நடுவில்தான் இருந்தார். அங்கே படிந்த வழக்கம் ஒன்று கடைசிவரை அவரை விடவில்லை. கண்ணால் பார்க்காததை நம்பக் கூடாது; பார்த்ததையும் கையெழுத்து இல்லாமல் நம்பக் கூடாது. அவர் வீட்டில் சினிமா டிஸ்க் இரவல் வாங்கக்கூட நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நான் ஒரு முறை கிறுக்கினேன். "உன் கையெழுத்து போன வாரம் வேற மாதிரி இருந்துச்சே" என்றார்.

அக்காவை மணந்த மாமாவுக்கு வேலூரில் வேலை. சனிக்கிழமை வந்து திங்கள் காலை போய்விடுவார். குழந்தை இல்லையே என்று யாராவது வருத்தப்பட்டால் அக்கா என்னைக் காட்டுவார்: "இவன் ஒருத்தனே ஜாஸ்தி."

வேங்கிக்காலில் இன்று நாங்கள் எல்லோரும் இருக்கும் வீட்டைக் கட்டியது அக்காதான். ஆபீசுக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் சுவருக்குத் தண்ணீர் அடித்தார். மேஸ்திரி அடித்த கலவையைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார். மணலுக்கு என்ன வாசனை என்று மேஸ்திரிக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. ஆனால் அவர் முகர்ந்ததால் சுவர் இன்றும் நிற்கிறது. வாசல் பலகையில் மட்டும் மாமாவின் பெயர். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் மாமாவின் கையைப் பிடித்துப் பாராட்டிவிட்டு அக்காவிடம் காபி கேட்டார்கள். அக்கா காபி கொடுத்தார்.

அந்த விழாவை வீடியோ எடுத்து டிஸ்க்கில் கொடுத்தார்கள். அதில் ஓரிடத்தில் மாமா கேமராக்காரரிடம் ஏதோ சொல்வார். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்தோம். அந்த இடம் வந்ததும் மாமா தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அதை யாரும் போடவில்லை. சில ஆண்டுகளில் மாமாவும் காலமானார்.

இனி என் பங்கு. கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் எனக்கு ஜெராக்ஸ் கடை. ஆறு மாதக் கம்ப்யூட்டர் வகுப்பில் என் பெயரைத் தட்டச்சு செய்யக் கற்றவன் நான். குடும்பத்தில் என்னை விஞ்ஞானி என்று நம்பினார்கள், அக்காவைத் தவிர. அவர் ஒரு வாரம் காசிக்குப் போயிருந்தபோது, வீட்டிலிருந்த டிஸ்க் முழுவதையும் கடைக்குக் கொண்டுபோய் இன்டர்நெட்டில் ஏற்றினேன். வெறும் டிஸ்க்கை என்ன செய்வது? மாடியில் குரங்குத் தொல்லை. நூலில் கோத்துக் கொடிக்கம்பி முழுக்கத் தொங்கவிட்டேன். வெயிலில் மின்னினால் குரங்கு பயப்படும் என்று ஊரே செய்கிற வைத்தியம். எங்கள் குரங்குகள் அதில் முகம் பார்த்துவிட்டு வடகத்தை எடுத்துக்கொண்டு போயின.

அக்கா திரும்பி வந்து மாடிப்படியில் நின்றார்.

"இன்னாடா இது, தேர்த் திருவிழாவா?"

"குரங்குக்குக்கா. உள்ள இருந்ததெல்லாம் மேல ஏத்திட்டேன். கிளவுட்ல."

"மேலன்னா எங்க? மலை மேலயா?"

"அது எங்கயோ இருக்கும்க்கா. நாம எங்க இருந்தாலும் பாக்கலாம்."

"எங்கயோ இருக்குதா? அதுக்குச் சாவி யாருகிட்ட?"

"என்கிட்ட தான்."

அக்கா பெருமூச்சு விட்டார். "அதான்டா பயமா இருக்குது."

டிவியில் மாதச் சந்தாவுக்குப் படம் காட்டும் ஆப் ஒன்றையும் போட்டுக் கொடுத்தேன். அக்கா ஒரு பேய்ப் படம் பார்த்தார். மறுநாள் திரையில் வரிசையாகப் பத்துப் பேய்கள். "நான் பேய்ப் படம் பாத்தத இவனுக்கு யாரு சொன்னது? நீயா?" என்று என்னை முறைத்தார். பிறகு ஒரு குடும்பப் படத்தைப் பாதி பார்த்து, மீதியை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் படமே இல்லை. போனில் இறக்கி வைத்திருந்ததும் காலாவதி என்றது. "ஊறுகாயாடா கெட்டுப்போறதுக்கு?" என்றவர், அன்றே தீர்ப்பையும் சொன்னார்: "பூட்டும் அவன் வீட்ல, சாவியும் அவன் வீட்ல. நாம சந்து வழியா எட்டிப் பாக்கறோம்." அதற்குப் பிறகு டிவியைத் துணி போட்டு மூடிவிட்டார், அது நம்மைப் பார்க்காமல் இருக்க.

சென்ற ஆண்டு ஆஸ்பத்திரியில், வீட்டுக்கு அழைத்துப் போய் வேண்டியதைச் செய்து கொடுங்கள் என்றார்கள். அக்கா சோறு கேட்கவில்லை, கோயில் கேட்கவில்லை. "மாமா அந்த கேமராக்காரர்கிட்ட இன்னா சொன்னாருன்னு இன்னொரு வாட்டி கேக்கணும்டா. நான் கேட்டது நெஜமான்னு பாக்கணும்" என்றார்.

"ரெண்டே நிமிஷம்க்கா."

கிளவுட் கணக்குக்குள் போக முடியவில்லை. பாஸ்வேர்டு மறந்துவிட்டது. மறந்தால் போனுக்கு ஆறு எண் அனுப்புகிறேன் என்றது, நான் என்றைக்கோ விட்டுவிட்ட பழைய நம்பருக்கு. மாடிக்கு ஓடிக் கிரகப்பிரவேச டிஸ்க்கைத் தேடி எடுத்தேன். முலாம் உரிந்து, வெயில் அந்தப் பக்கம் தெரிந்தது. கடையில் கிடந்த பழைய பிளேயரைக் கொண்டுவந்து போட்டேன். அது இருமியது. என் மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "குரங்காவது வடகத்த தான் எடுத்துச்சு" என்றாள்.

பழைய நம்பரைக் கூப்பிட்டேன். போளூர்க்காரர் ஒருவர் எடுத்தார், வேன் டிரைவர்.

"சார், உங்க போனுக்கு இப்ப ஒரு ஆறு எண் வந்திருக்கும்..."

"வந்துச்சு. அதுக்கு?"

"அத கொஞ்சம் சொன்னீங்கன்னா... எங்க அக்காவுக்கு ஒடம்பு முடியல. எங்க மாமா செத்துட்டாரு. அவரு பேசறது அதுல தான் இருக்குது."

"யோவ், போன வாரம் பேங்க்ல இருந்து பேசறேன்னாங்க. இன்னிக்கு செத்துப்போன மாமாவா? நாளைக்கு யாரு, தாத்தாவா?"

உண்மையைச் சொல்லச் சொல்ல அது பொய் போலவே ஆகிக்கொண்டு வந்தது. என் குரலை நான் கேட்டிருந்தால் நானே போலீசுக்குச் சொல்லியிருப்பேன். படுக்கையிலிருந்து அக்கா கை நீட்டினார். போனைக் கொடுத்தேன்.

"தம்பி, நான் அந்த அக்கா பேசறேன். அந்த நம்பர குடுக்காதீங்க. யாரு கேட்டாலும் குடுக்காதீங்க."

"அக்கா! நம்ம பக்கம் பேசுக்கா!"

"நீ சும்மா இரு. தம்பி, பௌர்ணமிக்கு மலை சுத்த வருவீங்களா? வந்தா வேங்கிக்கால்ல எங்க வீட்டுக்கு வாங்க. கண்ணால பாருங்க. நெஜம்னு தோணுச்சுன்னா சொல்லுங்க. இல்லன்னா போயிட்டே இருங்க."

 "பாக்கறேன்" என்றார் போளூர்க்காரர்.

பௌர்ணமிக்கு ஒன்பது நாள் இருந்தது. அக்காவுக்கு எத்தனை நாள் என்று எவரும் சொல்லவில்லை. ஒவ்வொரு காலையும் நான் முதலில் அவர் மூச்சைப் பார்ப்பேன். கண்ணைத் திறக்காமலே, "இருக்கறேன்டா, போய்க் கடையைத் தொற" என்பார்.

பௌர்ணமியன்று மாலை போளூர்க்காரர் வந்தார். உடனே உள்ளே வரவில்லை. வாசல் பலகையில் பெயரைப் படித்தார். கூடத்தில் மாமாவின் படத்தைப் பார்த்து, பலகையை இன்னொரு முறை பார்த்தார். பிறகு அக்காவின் கட்டில் அருகே வந்து நின்றார். அக்கா அவரை உட்காரச் சொல்லவில்லை.

"லைசென்ஸ் காட்டுங்க தம்பி."

அவர் காட்டினார். அக்கா முன்னும் பின்னும் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். அப்போதுதான் டிரைவர் முகத்தில் இருந்த சந்தேகம் போனது. ஏமாற்றுகிறவர்கள் லைசென்ஸ் கேட்க மாட்டார்கள் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

ஆறு எண்ணை மறுபடி அனுப்பும்படி தட்டினேன். அவர் போனை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். நான் ஐந்தாவதைத் தப்பாக அடித்தேன்.

"இவரு கம்ப்யூட்டர் படிச்சவரா?" என்றார்.

"அப்படித்தான் சொல்லிட்டுத் திரியறான்" என்றார் அக்கா.

இரண்டாம் முறை திறந்தது.

நாதஸ்வரம், புகை, சாம்பார் வாளி. பிறகு மாமா. கேமரா தன் பக்கம் திரும்பியதும் கையை ஆட்டுகிறார். "என்ன எதுக்கு சார் எடுக்கறீங்க? அதோ, கறிவேப்பில உருவிக்கினு நிக்கறாங்க பாருங்க, எங்க வீட்டுக்காரம்மா. இது அவங்க கட்டின வீடு. அவங்கள எடுங்க."

அக்கா அழவில்லை. "கேமராவுக்கோசரம் சொல்லியிருப்பாரு" என்றார். "திருப்பிப் போடு."

போட்டேன். மறுபடியும் போட்டேன். போளூர்க்காரர் மலை சுற்றப் போகாமல் நின்றார். ஏழெட்டு முறை ஆனபின் அக்கா விரலால் திரையைத் தொட்டார்.

"இல்ல. பாரு, கேமராவப் பாக்கல. என்னத் தான் பாக்கறாரு." பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "சரி. நெஜம் தான்" என்றார். எதையும் அவர் நெஜம் என்று ஒப்புக்கொண்டு நான் கேட்டது அதுதான் முதல் முறை.

அன்றே எனக்கு உத்தரவும் போட்டார்: டிஸ்க்கில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, மேலே ஒன்று. "மூணுலயும் வை. மூணையும் நம்பாத." செய்திருக்கிறேன். கேட்பவர்களுக்குக் கொடுக்கிறேன், கையெழுத்துப் போட வேண்டும்.

பௌர்ணமி கழிந்து பதினோராம் நாள் காலை அக்கா இயற்கை எய்தினார். கடைசி நாட்களில் அவரைக் குழந்தை போலப் பார்த்துக்கொண்ட என் மனைவிக்கும், முறை வைத்து வந்து உட்கார்ந்த பதிவறைத் தோழிகளுக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், இன்று வந்திருக்கும் உங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒருவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அன்று காலை போளூருக்கும் போன் செய்தேன். "யோவ், வெளயாடாத" என்று வைத்துவிட்டார். மதியம் மாலையோடு வந்து, கட்டிலருகே அதே இடத்தில் வெகு நேரம் நின்றார்.

"நேர்ல பாத்தா தான் நம்புவேன்னு வந்தேன் சார்" என்றார். "பாத்துட்டேன். இப்பவும் நம்ப முடியல."