இலங்கைக்கு வழி சொன்னவர்

உலக யுத்தத்துக்கு முந்திய வருடம், இலங்கை மலைகளை மோட்டார் சைக்கிளில் சுற்றிவரத் திட்டம் போட்டேன். மல்லசமுத்திரத்தில் ஒருவர் அங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துத் திரும்பியிருந்தார். அவரிடம் வழி கேட்டேன். ஒல்லியான ஆள், கெண்டைக்காலெல்லாம் அட்டை கடித்த தழும்புகள். வழி சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு வளைவுக்கும் கையைத் திருப்புவார். நான் வரைபடத்தில் குறித்துக்கொண்டேன்.

“கண்டி தாண்டி மேல ஏறுனா ரெண்டாவது பாலமுங்க. அதுக்குப் பக்கத்துத் தோட்டத்துலதான் எம் புள்ளையக் கட்டிக் குடுத்திருக்குது. நாலு வருசமாத் தகவலே இல்லீங்க. ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்க சாமி,” என்றார்.

“கட்டாயம் பாக்கறேனுங்க,” என்றேன்.

அவர் சொன்ன வளைவுகளில் ஒன்றுகூடப் பிசகவில்லை. பாலமும் வந்தது. மழை இருட்டிக்கொண்டு வரவே, நனையாமல் விடுதிக்குப் போய்ச் சேர வேண்டுமென்று நிற்காமல் போய்விட்டேன். திரும்பியது வேறு வழியில்.

ஊர் வந்ததும் அவரே தேடி வந்தார். “பாத்தீங்களா சாமி?”

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. “பாத்தேனுங்க. நல்லா இருக்குது.”

“இளைச்சிருக்குதுங்களா?”

“இல்லீங்க. சிரிச்ச முகமாத்தான் இருந்துது.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். மறுநாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

“இவ நம்ப மாட்டேங்கறாளுங்க. இவ காதுலயும் ஒருக்காச் சொல்லுங்க சாமி.”

அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான், அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை என்பது உறைத்தது.