போக வர மிதிச்சே வாரேன்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மகனுக்கு வெளிநாட்டு வேலை கிடைத்தால் பழனிக்கு சைக்கிளில் வருகிறேன் என்று வேண்டிக்கொண்டதோடு நிறுத்தியிருந்தால், கூட வந்தவர்களைப் போல நானும் திரும்பும்போது சைக்கிளைக் குட்டியானை லோடு வண்டியில் போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டே கறம்பக்குடி வந்து இறங்கியிருப்பேன். "போக வர ரெண்டும் மிதிச்சே வாரேன் முருகா" என்று வீறாப்பாகச் சொன்னவன் நான்தான். அதுவும் மனைவி பக்கத்தில் நின்று கேட்கும்படி.

முருகனுக்கும் அவசரம். தரிசனம் முடித்து நான் தனியாக மிதித்து வந்து விராலிமலையில் காலை டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே மகன் போனில் வந்துவிட்டான்.

"அப்பா, டிக்கெட் போட்டுட்டாங்க. இன்னைக்கு ராத்திரியே பிளைட்டு. மத்தியானம் வீட்டுலேருந்து கெளம்பிருவோம்."

போனால் இரண்டு வருடத்துக்கு வர முடியாது. அதற்குள் அவன் நெற்றியில் பழனித் திருநீற்றைப் பூசிவிட வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டியதில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஏறினேன். ஊரைத் தாண்டுவதற்குள் பின்சக்கரத்தில் கடக்கென்று ஒரு சத்தம். பிரீவீல் போய்விட்டது. மிதித்தால் பெடல் அது பாட்டுக்குச் சுற்றியது, சக்கரம் நகரவில்லை.

சைக்கிள் கடை என்று போர்டு போட்டிருந்த இடத்தில் பைக்குகளாக நின்றன. "இதுக்குச் சாமான் யாரு வாங்கி வைக்கிறா? புதுக்கோட்டையில கெடைக்கும்" என்றார் கடைக்காரர். முருகனிடம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று பஸ்ஸை மறித்தேன். முன்பெல்லாம் பஸ்ஸின் பின்னால் ஏணி இருக்கும், சைக்கிள் கூரைக்கு ஏறிவிடும். கண்டக்டர் பாவமாகப் பார்த்தார். "மேல ஏத்த ஏணியே கெடையாதுங்க. நீங்க மட்டும்னா வாங்க."

பிரீவீல் போனதை மகனுக்குப் போன் செய்து சொன்னேன். சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு நேராகத் திருச்சி ஏர்போர்ட்டுக்கு வரச் சொன்னான். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போனை மனைவி வாங்கிவிட்டாள்.

"என்னங்க, நேந்துக்கிட்டத பாதியில விட்டுறாதீங்க. பிள்ளை ஆகாசத்துல போறான்."

அவள் மேல் அப்படியொரு கோபம் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு எனக்கும் சைக்கிளை விட்டுவிடத் தைரியம் வரவில்லை. தள்ளிக்கொண்டு போவதும் மிதிப்பதில்தான் சேரும் என்று முருகன் சார்பில் நானே சொல்லிக்கொண்டேன். கடைசியில், நான் குறுக்கு ரோட்டில் குளத்தூர் வந்துவிடுவது, அவர்கள் திருச்சிக்குப் போகிற வழியில் அங்கே டீக்கடையில் காரை நிறுத்திக் காத்திருப்பது என்று பேசி முடித்தோம்.

ரோடு போடுகிறோம் என்று அந்தக் குறுக்கு ரோடு நெடுக ஜல்லியைக் கொட்டி வைத்திருந்தார்கள். கார் நுழையாது, சைக்கிளைத் தள்ளுவதற்கே உயிர் போனது. வெயிலில் நின்று அழுதேன். யாரும் பார்க்கவில்லை, பார்த்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டேன். மகன் மூன்று முறை அழைத்தான். "எங்கிட்டுப்பா வர்றீங்க?" ஒவ்வொரு முறையும் "இந்தா வந்துட்டேன்யா" என்றேன். கடைசி முறை டிரைவரின் குரலும் கேட்டது: "தம்பி, இதுக்கு மேல நின்னா ஏர்போர்ட்டுல உள்ள விடமாட்டாங்க."

நான் குளத்தூர் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. டீக்கடைக்காரர் என் காவி வேட்டியைப் பார்த்ததுமே எழுந்து வந்து, பேப்பரில் சுற்றிய ஒன்றைக் கையில் கொடுத்தார்.

"ஒங்க மகன் குடுத்துட்டுப் போனாப்ல. ரொம்ப நேரம் ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னாப்ல."

பிரித்தேன். புது பிரீவீல். வருகிற வழியில் புதுக்கோட்டையில் இறங்கி வாங்கியிருக்கிறான்.

பக்கத்துப் பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது ஏர்போர்ட்டிலிருந்து வீடியோ காலில் வந்தான். குனிந்து நெற்றியைக் காட்டினான். "பூசி விடுங்கப்பா." திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, வேர்த்த கையால் போன் கண்ணாடி மேலேயே பூசினேன். திரையெல்லாம் திருநீறு, அவன் முகமே தெரியவில்லை. லைன் கட்டாகிவிட்டது.

உடனே மறுபடி மணி அடித்தது. வேர்வையும் திருநீறும் சேர்ந்து குழம்பாகியிருந்த கண்ணாடியில் விரலை எப்படி இழுத்தாலும் போன் கேட்கவில்லை. வேட்டியில் துடைத்துக்கொண்டிருக்கும்போதே மணி நின்றுவிட்டது. நான் திரும்ப அழைத்தபோது சுவிட்ச் ஆஃப் என்று சொன்னது.

"ரெடிங்க. மிதிச்சுப் பாருங்க" என்றார் பஞ்சர் கடைக்காரர்.

முதல் மிதியிலேயே சக்கரம் பிடித்துக்கொண்டது. அவன் போன திசைக்கு முதுகைக் காட்டி, வீட்டைப் பார்த்து மிதித்தேன்.